மருந்தை மறுப்பதும் ஆளை மறுப்பதும்

டப்ளினுக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு கேரவன் வண்டியில் குடியிருந்தார் மே மெக்கீ. வயது 27, கணவர் மீன்பிடித் தொழிலாளி, நான்கு குழந்தைகள். கர்ப்ப காலத்தில் மூளை ரத்தக்குழாய் அடைத்து உடம்பின் ஒரு பக்கம் செயலிழக்கும் அளவுக்குப் போய்த் தப்பியவர். இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆபத்து என்று ஊர் மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரை அவர் உடம்புக்கு ஆகாது. எனவே கருப்பை வாயை மூடும் ரப்பர் மூடியும், அதோடு பூசிக்கொள்ள விந்தணுவைக் கொல்லும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். களிம்பு அயர்லாந்தில் கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டும். வந்த பொட்டலத்தைச் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கருத்தடைப் பொருளை விற்பதும் விற்பனைக்காக இறக்குமதி செய்வதும் குற்றம். தனக்கென்று வரவழைத்தாலும் சுங்கத்தில் விடமாட்டார்கள்.

மெக்கீ வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. கணவனும் மனைவியும் எத்தனை பிள்ளை பெறுவது என்பது அவர்களுடைய அந்தரங்கம், அதில் அரசுக்கு வேலை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

மருத்துவரின் மத நம்பிக்கையும் கருத்தடையும் என்ற பெரிய விவாதத்துக்குள் போக இந்த வழக்கைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் தீர்ப்பைவிட, தீர்ப்புக்குப் பிறகு நடந்தது. சட்டத்தைத் திருத்த அயர்லாந்து ஆறு வருடம் எடுத்துக்கொண்டது. 1979இல் சுகாதார அமைச்சர் சார்லஸ் ஹாகி கொண்டுவந்த குடும்பத் திட்டச் சட்டம், கருத்தடைப் பொருட்களை மருத்துவர் சீட்டு எழுதினால் மட்டுமே கடையில் வாங்கலாம் என்றது. ஆணுறைக்கும் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டையும் எல்லோருக்கும் எழுதிவிட முடியாது. வந்திருப்பவர் உண்மையான குடும்பத் திட்டத்துக்காகவோ, போதிய மருத்துவக் காரணத்துக்காகவோதான் கேட்கிறார் என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். இதில் பங்கெடுக்க விரும்பாத எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு மனசாட்சிப் பிரிவும் அதே சட்டத்தில் இருந்தது. பாதிரியார் கையிலிருந்த தராசை வாங்கி மருத்துவர் கையில் கொடுத்த சட்டம் அது. ஆணுறை எந்த நோய்க்கும் மருந்தல்ல. அதற்கு மருத்துவர் சீட்டு கேட்பதன் ஒரே பொருள், வாங்க வருபவரின் நடத்தையை யாராவது ஒருவர் சோதிக்க வேண்டும் என்பதுதான். கில்டேர் மாவட்டத்தில் ஆண்ட்ரூ ரைன் என்ற மருத்துவர், ஒரு நோயாளிக்கு ஆணுறைகளைத் தாமே நேரில் கொடுத்தார். 1983இல் அவருக்கு 500 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் சீட்டில்லாமல் ஆணுறை வாங்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த விவாதம் எழும்போதெல்லாம் மருத்துவரின் மனசாட்சி ஒரு தட்டிலும் பெண்ணின் உரிமை மறு தட்டிலும் வைக்கப்படுகின்றன. அப்படி வைத்தால் எந்தக் காலத்திலும் முடிவு வராது என்று நினைக்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மருத்துவர் மறுப்பது மருந்தையா, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளையா? கருத்தடை தன் மதத்துக்கு ஒவ்வாதது, ஆகவே யாருக்கும் எழுத மாட்டேன் என்பவர் ஒரு வகை. மணமான பெண்ணுக்கு எழுதுவேன், மணமாகாதவளுக்கு எழுத மாட்டேன் என்பவர் இன்னொரு வகை. இருவரும் ‘மனசாட்சி’ என்றே சொல்கிறார்கள். முதலாமவர் தம் கை எதைச் செய்யலாம் என்று முடிவு செய்கிறார். இரண்டாமவர் அடுத்தவர் எப்படி வாழலாம் என்று முடிவு செய்கிறார்.

கணக்கெடுப்புகளும் இந்த வேறுபாட்டைத்தான் காட்டுகின்றன. ஃபார் கர்லினும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்க மருத்துவர்கள் 1,144 பேரிடம் கேட்டு 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் சம்மதமில்லாமல் பதின்ம வயதினருக்குக் கருத்தடை எழுதுவதில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டு என்றவர்கள் 42 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து மகப்பேறு மருத்துவர்களிடம் மட்டும் எடுத்த ஆய்வில், ஏதேனும் ஒரு கருத்தடை முறையை அறநோக்கில் எதிர்ப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். இரண்டும் வெவ்வேறு கேள்விகள், வெவ்வேறு மருத்துவர்கள். ஒன்றோடொன்று நேராக வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் இவ்வளவு இடைவெளி சும்மா வந்ததல்ல. வில்லை ஒன்றுதான், வாங்குபவர் மாறும்போது ஆட்சேபம் பெருகுகிறது.

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டது. 2013இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு மருத்துவர் கருத்தடைச் சேவையே தருவதில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் மணமானவர்களுக்கு எழுதிவிட்டு மணமாகாதவர்களுக்கு மறுக்க முடியாது என்று வரையறுத்தது. இந்தக் கட்டுரைக்காக நான் பார்த்த விதிகளில் நேர்மையானது இதுதான். இதற்கு நேர் எதிரானதை மாசசூசெட்ஸ் மாநிலம் 1966இல் சட்டமாகவே வைத்திருந்தது: மணமானவர்களுக்கு மருத்துவர் எழுதலாம், மற்றவர்களுக்குக் கூடாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம்பெண்ணுக்குக் கருத்தடை நுரை மருந்தைக் கொடுத்ததற்காக பில் பேர்ட் 1967இல் கைதானார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

மருந்தையே மறுப்பவர்களின் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். அவர்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கத்தோலிக்க நிலைப்பாடு 1930இல் போப் பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடலில் உறுதியானது. ஆங்கிலிகன் ஆயர்கள் லாம்பெத்தில் கூடி, சில சூழல்களில் கருத்தடை கூடும் என்று முதன்முறையாகச் சொன்னதும் அதே வருடம்தான். மாத்திரை வந்த பிறகு கேள்வி மறுபடி எழுந்தது. அந்த மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ராக், ஹார்வர்டின் மகப்பேறு மருத்துவர். நாள் தவறாமல் திருப்பலிக்குப் போன கத்தோலிக்கர். அமெரிக்க அரசு 1960இல் மாத்திரையை அனுமதித்தது. 1963இல் ராக் ஒரு புத்தகம் எழுதி, மாத மாதம் உடம்பே சுரக்கும் ஹார்மோனின் வேலையைத்தான் மாத்திரையும் செய்கிறது, பாதுகாப்பான நாட்களைப் பார்த்து உறவு கொள்வதைத் திருச்சபை ஏற்கும்போது இதையும் ஏற்கலாமே என்று வாதிட்டார். இதை ஆராய போப் நியமித்த ஆணையத்தில் மருத்துவர்களும் இறையியலாளர்களும் திருமணமான தம்பதியரும் இருந்தார்கள். பெரும்பான்மையினர் 1966இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தார்கள். போப் ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை; 1968 ஜூலையில் வந்த அவருடைய ‘ஹ்யுமானே விட்டே’ சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையைத் தடுத்தது. ராக் கடைசிக் காலத்தில் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அதே 1968 சுற்றுமடல் ஒரு வாசலைத் திறந்தும் வைத்தது. நோய் தீர்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்தால் கரு தரிக்காமல் போனாலும், கொடுப்பதன் நோக்கம் அதுவாக இல்லாதவரை குற்றமில்லை. அயர்லாந்தில் 1960களிலேயே மாத்திரை ‘மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் மருந்து’ என்ற பெயரில் எழுதப்பட்டது. எழுதும் மருத்துவருக்கும் வாங்கும் பெண்ணுக்கும் விஷயம் தெரியும். சீட்டில் ஒரு காரணம் இருந்தது; இருவரும் அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இரக்கத்தால் பொய் சொன்ன அந்த மருத்துவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் எந்த மருத்துவர் இரங்குவார், எவர் இரங்கமாட்டார் என்பது பெண்ணின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

பிற மதங்களில் இவ்வளவு இறுக்கம் இல்லை. இஸ்லாமிய மரபில் புணர்ச்சியை இடைநிறுத்தும் ‘அஸ்ல்’ முறையை அல்-கஸ்ஸாலி ஏற்றிருக்கிறார். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூல் கருத்தடை முறைகளையே விவரிக்கிறது. நிரந்தரக் கருத்தடையைப் பற்றித்தான் அறிஞர்களிடையே சர்ச்சை அதிகம். பழமைவாத யூதர்களில் பலர் ரப்பியிடம் கேட்டுவிட்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். இந்து மதத்தில் தடை விதிக்க ஒரு தலைமைப் பீடம் கிடையாது. அங்கே தடை குடும்பத்திலிருந்தும் சாதியிலிருந்தும் வரும்.

மத ஆட்சேபங்களில் ஒரு பகுதி மருத்துவத் தகவலின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டாமல் தடுப்பது கருக்கலைப்புக்குச் சமம் என்று நம்பும் மருத்துவர், அவசரக் கருத்தடை மாத்திரை அதைத்தான் செய்கிறது என்று எண்ணி மறுக்கிறார். அவருடைய நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை முட்டை வெளிவருவதைத் தடுத்தோ தள்ளிப்போட்டோதான் வேலை செய்கிறது. முட்டை வெளிவந்துவிட்டால் அதனால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைச் சொல்லியிருக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2022 டிசம்பரில் அந்த மாத்திரையின் குறிப்பைத் திருத்தி, ஒட்டுவதைத் தடுக்கும் என்ற பழைய வரியை எடுத்துவிட்டது. எது பாவம் என்பதை மதம் சொல்லட்டும். மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது மருந்தியல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நம்பிக்கையை மருத்துவ ஆலோசனையாக நோயாளிக்குக் கொடுக்கும்போது அங்கே பொய் நுழைந்துவிடுகிறது.

சரி, மருந்தையே மறுக்கும் நேர்மையான மருத்துவருக்கு எவ்வளவு இடம் தரலாம்? உலகம் ஒத்துப்போகாத இடம் இது. ‘நான் எழுத மாட்டேன்’ என்பது ஒன்று. ‘எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன்’ என்பது வேறு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2007இல் வெளியிட்ட கருத்துரை, மறுப்பவர் உரிய நேரத்தில் வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், சரியான தகவலை மறைக்கக் கூடாது என்றது. கர்லின் ஆய்வில், அப்படி அனுப்புவது கடமை என்றவர்கள் 71 சதவீதம். மீதமுள்ளவர்களிடம் போய் மாட்டும் பெண்ணுக்குத் தன்னிடம் எதை மறைத்தார்கள் என்றே தெரியாது.

போலந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், மறுக்கும் மருத்துவர் வேறு எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. 2015 அக்டோபரில் அரசமைப்புத் தீர்ப்பாயம் அந்தக் கடமையை நீக்கியது. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2012இல் வந்த இனப்பெருக்க நலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் பெருமளவு ஏற்றது. ஆனால் நோயாளியை வேறிடம் அனுப்ப மறுக்கும் மருத்துவரைத் தண்டிக்கும் பிரிவை ரத்து செய்தது. அனுப்புவதும் பாவத்துக்குத் துணைபோவதுதான் என்ற வாதம் அங்கே எடுபட்டது. அந்த நாட்டில் இதற்கு முன்பே ஒரு பாடம் இருந்தது. மணிலா மேயர் லிட்டோ அட்டியென்சா 2000இல் போட்ட ஓர் உத்தரவால் நகரச் சுகாதார நிலையங்களிலிருந்து மாத்திரையும் ஆணுறையும் காணாமல் போயின. காசுள்ளவர்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள். சேரிப் பெண்கள் பலருக்கு அந்த வழி இருக்கவில்லை.

பிரான்ஸ் மறுமுனையில் நின்றது. போர்தோ அருகே சிற்றூர் ஒன்றில் மருந்துக் கடை வைத்திருந்த இரண்டு மருந்தாளர்கள், 1995இல் மருத்துவர் சீட்டோடு வந்த மூன்று பெண்களுக்கு மாத்திரை தர மறுத்து அபராதம் கட்டினார்கள். அவர்கள் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001இல் ஏற்கவில்லை. இந்தப் பொருள் மருந்துக் கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அப்படியிருக்க விற்பவர் தம் நம்பிக்கையை வாங்குபவர்மேல் சுமத்தலாகாது. கடைக்கு வெளியே அதை வெளிப்படுத்த ஆயிரம் வழி உண்டு என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2002இல் ஒரு மருந்தாளர் கல்லூரி மாணவிக்கு மாத்திரை தர மறுத்ததோடு, சீட்டை வேறு கடைக்கு மாற்றித் தரவும் மறுத்தார். மாத்திரையோ நாள் தவறக் கூடாதது. மருந்தாளர் வாரியம் அவரைத் தண்டித்தது, மறுத்ததற்காக அல்ல. மாணவிக்கு வேறு வழியையும் அடைத்ததற்காக.

பிரெஞ்சு வழக்கில் நீதிமன்றம் சொன்ன காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். சீட்டு எழுதும் உரிமையைச் சமூகம் பெரும்பாலும் மருத்துவருக்கே கொடுத்திருக்கிறது. அந்த ஏகபோகத்தை வைத்துக்கொண்டு, ‘நான் ஒதுங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்ல முடியாது. ஒதுங்கினாலே வழி அடைபடுகிறது. தெருவுக்குத் தெரு மகப்பேறு மருத்துவர் இருக்கும் மாநகரில் ஒருவர் மறுத்தால் பெரிய நஷ்டமில்லை. மலையடிவாரத்து ஊரில் இருக்கும் ஒரே மருத்துவர் மறுத்தால் அதுதான் அந்த ஊரின் சட்டம். ஏகபோகத்தைத் தளர்த்துவதும் ஒரு வழி. 2023 ஜூலையில் அமெரிக்கா ஒரு தினசரிக் கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க முதன்முறையாக அனுமதித்தது. அங்கே மருத்துவரின் மனசாட்சிக்கும் பெண்ணின் தேவைக்கும் மோதலே எழ வேண்டியதில்லை.

ஆட்களைவிட நிறுவனங்கள் பெரிய சிக்கல். அமெரிக்காவில் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் கத்தோலிக்க மருத்துவமனையில் பார்க்கப்படுகிறார். ஆயர்கள் வகுத்த நெறிமுறை அங்கே கருத்தடையை ஆதரிக்கவும் கருக்குழாய் கட்டவும் தடை விதிக்கிறது. உள்ளே வேலை பார்க்கும் மருத்துவர் யூதராகவோ நாத்திகராகவோ இருக்கலாம். சிசேரியன் செய்யும்போதே குழாயையும் கட்டிவிடுவது நோயாளிக்கு நல்லது என்று அவர் நினைக்கலாம். அவருடைய மனசாட்சிக்கு அங்கே இடமில்லை. மனசாட்சி மனிதருக்கு உண்டு. கட்டடத்துக்கும் உண்டா என்பதை அமெரிக்கச் சட்டம் 1973லேயே ‘உண்டு’ என்று தீர்த்துவிட்டது. நான் அதை ஏற்கவில்லை.

ஆனாலும் மனசாட்சி மறுப்பு என்ற உரிமையையே ஒழித்துவிட வேண்டும் என்பவர்களோடும் என்னால் சேர முடியாது. அதற்குக் காரணம் நம் நாட்டு வரலாறு. நெருக்கடி நிலையின்போது 1976-77இல் எண்பது லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது, பெரும்பாலும் ஆண்களுக்கு. இலக்கை எட்டாத ஊழியருக்குச் சம்பளம் நின்றது. அன்று ‘முடியாது’ என்று கத்தியைக் கீழே வைத்திருக்கக்கூடிய மருத்துவருக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. 1990களின் பிற்பாதியில் பெருவில் ஃபுஜிமோரி அரசு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை செய்தது. பெரும்பாலும் ஏழைப் பழங்குடிப் பெண்கள், பலருக்குச் சம்மதமே கேட்கப்படவில்லை. அதை அம்பலப்படுத்தியவர்களில் பெண்ணியவாதிகளோடு கத்தோலிக்கத் திருச்சபையும் இருந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட இடங்களில் மருத்துவரின் மறுப்புதான் பெண்ணைக் காப்பாற்றியிருக்கும்.

மருத்துவரின் மதமே அவருக்கு எதிராகத் திரும்பியதும் உண்டு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையின் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர், சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்ற வதந்தியில் கைதானார். விசாரித்தவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பின்னர் நிலுவைச் சம்பளம் கொடுக்கப்பட்டது. அதை அவர் மருந்து வாங்க நன்கொடையாகத் தந்தார். பிள்ளைப்பேற்றில் கை வைக்கும் மருத்துவரைப் பார்த்து ஒரு சமூகம் எவ்வளவு எளிதில் மிரண்டுவிடும் என்பதற்கு அது சாட்சி.

இந்தியாவில் விதி என்னவோ தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், மருத்துவக் காரணம் இருக்கும்போது மத அடிப்படையில் மட்டும் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ உதவ மறுப்பதை முறைகேடு என்கின்றன. பல மேலை நாடுகள் எழுதத் தயங்கிய வரி இது. ஆனால் இது மருத்துவரைக் கட்டும். மருத்துவமனை நிர்வாகத்தைக் கட்டாது. மேலும் ‘மத அடிப்படையில் மட்டும்’ என்ற அந்தச் சொற்களுக்கு வெளியேதான் நம் ஊர் மறுப்பு முழுவதும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் மதத்தின் பெயரைச் சொல்லிக் கருத்தடையை மறுக்கும் மருத்துவரைக் காண்பது அரிது. இங்கே மறுப்பு ஒரு கேள்வியில் தொடங்கும்: “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” இல்லை என்றால் அடுத்த கேள்வி, “அம்மா வந்திருக்காங்களா?” நர்ஸ் தலையைத் தூக்கிப் பார்ப்பார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும். இத்தனைக்கும், அதே அறையில், நீர்க்கட்டிக்காக அம்மாவோடு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதே மாத்திரை எழுதப்படும். “கருத்தடை மாத்திரைன்னு போட்டிருக்கே டாக்டர்” என்று அம்மா பதறினால், “இது பீரியட்ஸ் சரியாகறதுக்கும்மா” என்று மருத்துவரே சமாதானம் சொல்வார். அயர்லாந்தில் 1960களில் நடந்தது இதுவேதான்.

இன்னொரு பக்கம், மணமாகி இரண்டு குழந்தை பெற்றவளுக்கு மறுப்பே கிடையாது, ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் கணக்கில் சொல்லத்தக்க அளவில் இல்லை. இடைவெளி விட விரும்பும் பெண்ணுக்கு மாத்திரை, ஊசி, காப்பர்-டி எல்லாவற்றையும் உட்கார வைத்து விளக்கும் மருத்துவர் கிடைப்பது அவள் கொடுப்பினை. அவசரக் கருத்தடை மாத்திரையோ நாடு முழுவதும் சீட்டில்லாமல் விற்கலாம் என்றிருக்க, சென்னை மெடிக்கல் ஷாப்களில் பல ஆண்டுகளாகக் கிடைப்பதே அபூர்வம். எழுத்தில் தடை இல்லை. கேட்டால் “அதெல்லாம் வர்றதில்லை” என்ற பதில். மூன்று நாளுக்குள் போட வேண்டிய மாத்திரைக்காகத் தெருத் தெருவாக அலையும் பெண்ணுக்கு, மறுப்பது மதமா ஒழுக்கமா என்பதால் ஒரு வித்தியாசமும் இல்லை.

2022 செப்டம்பர் 29 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பில் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, சட்டம் கேட்காத நிபந்தனைகளை மருத்துவர்கள் தாங்களாகவே விதிப்பதையும் கண்டித்தது. குடும்பத்தார் சம்மதம், கூடுதல் காகிதங்கள் எதுவும் கேட்கக் கூடாது. பெண்ணின் சம்மதம் போதும். கருக்கலைப்புக்கே இது போதும் என்றால், கருக்கலைப்பே தேவைப்படாமல் செய்யும் மாத்திரைக்கு ஏன் போதாது?

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய ஒழுக்க விதிகள் சில வாரங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. 2002 விதிகளே நடைமுறையில் தொடர்ந்தன. அவற்றைத் திருத்தி எழுதுபவர்கள் ‘மருத்துவக் காரணம் இருக்கும்போது’ என்ற சொற்களை எடுத்துவிட வேண்டும். பிள்ளை இப்போது வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதே போதுமான காரணம். ‘மத அடிப்படையில்’ என்பதற்குப் பக்கத்தில் ‘மணநிலை அடிப்படையில்’ என்று சேர்க்க வேண்டும். தாம் எழுதுவதில்லை என்று ஒரு மருத்துவர் முடிவு செய்திருந்தால், அதைத் தம் அறை வாசலில், பெண் டோக்கன் வாங்குவதற்கு முன்பே படிக்கும்படி, எழுதி வைக்க வேண்டும். அதன் கீழேயே, அன்றே போய்ப் பார்க்கக்கூடிய வேறு மருத்துவரின் பெயரும் இருக்க வேண்டும்.